உத்தரம் தொட்ட மெழுகும் பொதபொதத்த சுவரும்

ஒரு ஊர்ல ஒரு ஆப்பமாவுச் சட்டி இருந்துச்சாம். அந்தச் சட்டிக்குள்ள கண்ணுக்கே தெரியாத ஊருங்க கோடானுகோடி. ஈஸ்ட்டு ஈஸ்ட்டுன்னு சொல்றாங்கல்ல, அதுல ஒவ்வொண்ணும் ஒரு ஊரு, தங்கம். கடுகுல ஆயிரத்துல ஒரு பங்கு கூட இருக்காது, ஆனா சுத்துச்சுவரு உண்டு, அடுக்களை உண்டு, குப்பைய கரைக்கிற குழி உண்டு, நாற்காலியில உக்காந்து ஊர ஆளுற பெரியதனம் உண்டு. பெரியதனம் இல்லாத ஊரு எங்க இருக்கு? நீ ம் கொட்டணும், சரியா. ம் கொட்டுனாத்தான் கதை நடக்கும், இல்லேன்னா அதுவும் உன்னோட சேந்து படுத்துக்கும்.

ம்.

அந்த ஊர்ல அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. அக்கா பேச்சி, தங்கச்சி மூக்காயி. பேச்சி அடுக்களையில மெழுகு காய்ச்சுறவ. அந்த மெழுகுக்கு ஸ்டீராலுன்னு பேராம், உங்கம்மா போன்ல பேசுறப்ப காதுல விழுந்துச்சு. நமக்கு மெழுகு போதும். அந்த ஊருச் சுவரு செங்கல்லு இல்ல, எண்ணெயால ஆன சுவரு. எண்ணெய் எங்கயாச்சும் நிமிந்து நிக்குமா? மெழுகு சேந்தாத்தான் நிக்கும். மெழுகு கொறஞ்சா சுவரு பொதபொதன்னு ஆயிரும், கூடுனா பலகை மாதிரி விறைச்சுக்கும். பதமா இருக்கணும். பேச்சிக்கு அந்தப் பதம் கைவந்தது. அவ அடுக்களைச் சுவரோட சேத்துத் தச்ச மாதிரி, உள்ள வெளிய உள்ள வெளியன்னு பல தையல் போட்டு உக்காந்திருப்பா. எந்திரிக்கவே மாட்டா. கிளற வேண்டியது, காய்ச்ச வேண்டியது, தங்கச்சியத் திட்ட வேண்டியது.

தங்கச்சி மூக்காயி வண்டி இழுக்குறவ. என்ன வண்டின்னா, அடுக்களைச் சுவரு ஒரு எடத்துல உப்பும், உப்பி உப்பி, பொளக். ஒரு குமிழி தனியா வந்துரும். அதான் வண்டி. அதுல ஏத்துற சரக்கு கத்திரிவாயனுங்க. என்சைமுன்னு சொல்வாங்களே, அவனுங்கதான். எதக் கண்டாலும் நறுக்நறுக்னு வெட்டிப் போடுவானுங்க. குப்பைக் குழிக்கு அவனுங்க இல்லாம முடியாது, ஆனா வழியில வாயத் தொறந்தானுங்கன்னா ஊரு காலி. அதனால அடுக்களையிலயே வாய்க்கூடு மாட்டி அனுப்புவாங்க. கன்னுக்குட்டிக்கு மாட்டுவாங்கல்ல, மண்ணத் திங்காம இருக்க, அது மாதிரி. குழிக்குள்ள எறக்குன பிறகுதான் வாய்க்கூட்டக் கழட்டணும்.

ஒருக்க ஒரு புது வண்டிக்காரன், பாவம் பயலுக்கு மூச்சு முட்டுதேன்னு வழியிலயே வாய்க்கூட்டக் கொஞ்சம் தளத்திவிட்டானாம். அப்புறம் என்ன. வண்டியத் தின்னான், வண்டிக்காரன் தலையில இருந்த சும்மாட்டத் தின்னான், பக்கத்து வண்டியோட கயித்தத் தின்னான், தின்னுட்டு, ரொம்ப உபகாரம் அண்ணாச்சின்னு கும்புட்டானாம். மரியாதைக்குக் கொறச்சல் இல்ல. உங்க பெரிய மாமா கூட அப்படித்தான், நம்ம வீட்டு முறுக்கு டப்பாவக் காலி பண்ணிட்டு... சரி அது கெடக்கட்டும், எங்க விட்டேன்?

வண்டி.

ஆங், வண்டி. கத்திரிவாயனுங்கதான் வண்டியில போவானுங்க. மெழுகு வண்டியில போகாது. அத நல்லா ஞாபகம் வச்சுக்க. அடுக்களைச் சுவரும் ஊருச் சுவரும் ஒண்ணையொண்ணு ஒரசுற மாதிரி ஒரு எடத்துல சந்து இருக்கும். ஆளு நிமிர முடியாது. அங்க கைமாத்துக்காரங்க குந்தியிருப்பாங்க. இந்தா, பிடி, இந்தா, பிடின்னு மெழுகக் கட்டி கட்டியாக் கைமாத்தி ஊருச் சுவருல அப்பிருவாங்க. கூனுன முதுகு, பிசுக்குப் பிடிச்ச கை. பாக்கறதுக்கு லட்சணமா இருக்காது, ஆனா வேலை நடந்துச்சு.

அப்புறம் அந்த ஊர்ல ஒரு வழக்கம். அடுக்களையில மெழுகுக் குவியல் ஏறி ஏறி மேல உத்தரத்தத் தொட்டுச்சுன்னா, ஊருக்கு மெழுகு போதும்னு அர்த்தம். ஒடனே பொட்டுக்காரர் மாசானம் சாயக் கிண்ணத்தோட வருவாரு. காய்ச்சுறவ முதுகுல ஒரு பொட்டு, அது மேல ஒரு பொட்டு, அது மேல ஒண்ணு. கறிக்கடைக்குப் போற ஆட்டுக்குச் சாயம் தடவுவாங்கல்ல, அதே மாதிரி. பொட்டு விழுந்தா பீப்பாதான். மூடி போட்ட ஒரு பெரிய பீப்பா. உள்ள போனா கறுமுறு கறுமுறு, துண்டு துண்டாத்தான் வெளிய வரணும். பேச்சிக்கு முன்னால காய்ச்சுனவங்க பல பேரு அப்படித்தான் போனாங்க. சுவரு நெறஞ்சு, சந்து நெறஞ்சு, அதுக்கப்புறம்தான் குவியல் ஏறும், அதுக்கப்புறம்தான் பொட்டு. அதனால அந்த வழக்கத்துல யாருக்கும் ஒரு கொறையும் இல்ல, போனவங்களத் தவிர.

ம்... பாட்டி, பேச்சியும் போயிருவாளா?

பொறு, பொறு. கதைக்கு முன்னாடி ஓடாத.

அப்போ ஒரு நாள் என்ன ஆச்சு, பக்கத்து ஊர்ல இருந்து கமகமன்னு ஒரு வாசம் வந்துச்சு. அந்த ஊருங்கள்ல சம்பந்தம் பேசறதுன்னா வாசம் விட்டுத்தான் பேசுவாங்க. வாசம் வந்தா, உங்க ஊரும் எங்க ஊரும் கல்யாணம் பண்ணி ஒரே ஊரா ஆயிருவோமான்னு அர்த்தம். பெரியதனம் சங்கரலிங்கத்துக்குக் கால் தரையில நிக்கல. நாற்காலியத் தொடைக்கச் சொன்னாரு. தோரணம் கட்டச் சொன்னாரு. கையப் பின்னால கட்டிக்கிட்டு ஊரச் சுத்தி வந்தவரு, சந்தப் பாத்துட்டாரு. கூனுன முதுகு, பிசுக்குக் கை, இந்தா பிடி, இந்தா பிடி. சம்பந்திக்காரங்க இதப் பாத்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்கன்னு அவருக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. சந்துக்கு முன்னால ஒரு பூப்போட்ட தட்டியக் கட்டி மறைச்சாரு. தட்டி பக்கத்துல காவலுக்குத் தன் மச்சினனை நாற்காலி போட்டு உக்கார வச்சாரு. கைமாத்துக்காரங்களுக்குத் தலப்பா கட்டி, வாசல்ல வரிசையா நின்னு கும்புடுங்கன்னுட்டாரு. இனிமே மெழுகு கவுரவமா வண்டியிலதான் போகணும்னு உத்தரவு.

வண்டிக்காரங்க என்ன செய்வாங்க? மெழுக ஏத்துனாங்க. ஏத்துன மெழுகு வண்டிச் சுவருலயே ஈஷிக்கிச்சு. போற வழியில ஒழுகிச்சு. போயிச் சேந்தது நகக்கண்ணு அழுக்கு அளவு. அந்த ஒரு கட்டியத் தட்டுல வச்சு, மேளம் அடிச்சு, சுவருல அப்புனாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க.

எங்க சின்ன மதினி கல்யாணத்துல இப்படித்தான், தங்கம். சமையக்கட்டுல வடை மலையாக் குவிஞ்சு கெடக்கு, பந்தியில ஒருத்தன் எலையிலயும் வடை இல்ல. ஏன்னா, ஒரே மாதிரி சட்டை போட்டவங்கதான் பரிமாறணும்னு மாப்பிள்ளை வீட்டுல ஒருத்தர் சொல்லிட்டாரு. சட்டை தச்சு வரல. உள்ள எட்டிப் பாத்த மேற்பார்வைக்காரரு, அதான் இவ்வளவு வடை இருக்கே, எண்ணெய்ச்சட்டிய எறக்குன்னுட்டாரு. வடை மாஸ்டருக்கு வந்த கோவம் இருக்கே. அந்தாளு பேரு கூட... மறந்துருச்சு. நல்ல செவப்பா இருப்பாரு.

பேச்சி, பாட்டி.

ஆமா, பேச்சி. பேச்சி அவ பாட்டுக்குக் காய்ச்சிக்கிட்டே இருக்கா. எடுக்க ஆளில்ல. குவியல் ஏறுது, ஏறுது, ஏறுது. அந்தப் பக்கம் ஊருச் சுவரு எளகிக்கிட்டே போகுது. மூக்காயி குழிக்குப் போற வழியில சுவருல கை ஊனுனா, கை பொதக்னு உள்ள போயிருச்சு. வெளிய இருந்து புளிச்ச மாவுத்தண்ணி சொட், சொட், சொட். அவ திரும்பி ஓடி வந்தா. அடுக்களைக்கு வந்து பாத்தா, குவியல் உச்சி உத்தரத்தத் தொட்டு நிக்குது, மாசானம் சாயக் கிண்ணத்தக் கலக்கிக்கிட்டு இருக்காரு.

பேச்சி கரண்டியக் கீழ வைக்கல. முதுகக் காட்டிக்கிட்டே தங்கச்சியப் பாத்துச் சொன்னா: "ஏட்டி, சுவரு இறுகியிருந்தா நான் போறதுல ஒண்ணுமில்ல. இறுகிருச்சா?"

மூக்காயி இல்லன்னு தலைய ஆட்டுனா. அதுக்குள்ள பொட்டு, பொட்டு மேல பொட்டு. முடிஞ்சுது.

ம்.

தூங்கிட்டியோன்னு பாத்தேன். அப்போ மூக்காயி நேரா பெரியதனத்துகிட்ட ஓடுனா. ஐயா, சுவரு ஒழுகுது, அக்காவ இழுக்காதீங்க, அவ காய்ச்சாட்டா ஊரே கரைஞ்சுரும்னா. சங்கரலிங்கம் ஒரு சிரிப்புச் சிரிச்சாரு. வா மூக்காயின்னு தோள்ல கை போடாத கொறையா அடுக்களைக்கே கூட்டிட்டுப் போனாரு. குவியலக் காட்டி, இது பத்தாக்குறையான்னு கேட்டாரு. உத்தரத்தத் தொடுது, நம்ம ஊரு வரலாத்துலயே இவ்வளவு மெழுகு இருந்ததில்ல, சம்பந்திக்காரங்களுக்கு மொதல்ல இதத்தான் காட்டப்போறேன்னாரு. மூக்காயி, சுவரு ஒழுகுதுங்கய்யான்னு மறுபடி சொன்னா. அது வேர்வையா இருக்கும், ஊரே கல்யாண வேலையா ஓடுதுல்லன்னுட்டாரு.

அப்புறம் அவ மாசானத்துகிட்ட போனா. மாசானம் கெட்டவரு இல்ல. தங்கமான மனுசன். பொட்டு வச்சுட்டு, வலிக்கலையே தாயின்னு கேக்குற ஆளு. அவருகிட்ட, அண்ணே, வந்து சுவர ஒரு தடவ தொட்டுப் பாருங்கன்னு கெஞ்சுனா. அவருக்கு உத்தரம்தான் வேலையாம். குவியல் உத்தரத்தத் தொட்டா பொட்டு வைக்கணும், கீழ போனா தொடைக்கணும். சுவரு அவரு வேலை இல்லையாம். அப்போ சுவரப் பாக்குறது யாரு வேலைன்னு கேட்டா. மாசானம் சாயக் கிண்ணத்த ஒரு கலக்குக் கலக்குனாரு. அந்த எடத்துக்கு இன்னும் ஆளு போடலன்னாரு.

இந்தப் பக்கம், பொட்டு விழுந்தவங்களப் பீப்பாவுக்கு இழுத்துட்டுப் போற இழுப்புக்காரங்க வந்துட்டாங்க. பேச்சிய அடுக்களைச் சுவருல இருந்து உருவணும். அவதான் பல தையல் போட்டு உக்காந்திருக்காளே, சட்டுனு வருவாளா? ஐலசா, ஐலசா. சர்ர்ர்னு ஒரு தையல். மூச்சு வாங்கிட்டு அடுத்தது. பேச்சி ஒரு கையால கிளறிக்கிட்டே இருக்கா. அடிப்பிடிச்சிரும்டா, மெல்ல இழுங்கன்னு அவனுங்களயும் திட்டுறா.

மூக்காயி நின்னா. பெரியதனமும் ஆச்சு, பொட்டுக்காரரும் ஆச்சு, இனிமே யாருகிட்ட போறது? மாசானம் சொன்னது மண்டைக்குள்ள ஓடுது. குவியல் கீழ போனா தொடைக்கணும். குவியல யாரு எறக்குறது? சந்து தொறந்தாத்தானே எறங்கும். ஒடனே வண்டியத் திருப்புனா. வண்டி நெறைய கத்திரிவாயனுங்க. கிர்ரு கிர்ருன்னு நேரா சந்துக்கு ஓட்டிட்டு வந்தா. அங்க பெரியதனத்து மச்சினன் நாற்காலியில சாஞ்சு, ஒரு காலத் தூக்கி மறுகால் மேல போட்டு, தட்டிக்குக் காவல் இருக்கான். யாரும் உள்ள போகக்கூடாதுன்னான். மூக்காயி சண்டைக்குப் போகல. வண்டிய அவன் நாற்காலியோட ஒட்டி நிறுத்துனா.

"அண்ணாச்சி, இத சித்த பாத்துக்கோங்க. நான் இந்தா வந்துருதேன். கடைசியில இருக்கான் பாருங்க, அவனுக்கு மட்டும் வாய்க்கூடு கொஞ்சம் தளந்திருக்கு. ஒண்ணும் செய்ய மாட்டான், நீங்க அசையாம இருந்தாப் போதும்."

மச்சினன் எட்டிப் பாத்தான். கூட்டுக்குள்ள இருந்து கத்திரிவாயன் ம்ம்ம்ம்னான். வாய் கட்டியிருக்குல்ல, நல்லா இருக்கீங்களான்னு கேட்டாக் கூட அப்படித்தான் கேக்கும். அவ்வளவுதான். மச்சினன் விட்டான் பாரு ஓட்டம், தடதடதடதட, செருப்பு ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். அக்கா புருசன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில போயிப் படுத்தவன்தான்.

வாய்க்கூடெல்லாம் இறுக்கமாத்தான் இருந்துச்சு. மூக்காயி அந்த வெளையாட்டுக்கு வருவாளா?

ம்... ஹிஹி.

சிரிச்சா தூக்கம் ஓடிரும். அப்புறம் அவ தட்டியத் தள்ளுனா. என்னமோ பெருசா அடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சே, ஒரு கையில சாஞ்சுருச்சு, பொத்துன்னு. வெறும் பூப்போட்ட தட்டி. உள்ள சந்து அப்படியே இருக்கு. மூக்காயி குவியல்ல இருந்து ஒரு கட்டி மெழுக எடுத்தா, தவழ்ந்து போயிச் சுவருல அப்புனா. திரும்பி வந்தா, இன்னொரு கட்டி. ஒத்தை ஆளு எத்தன கட்டி கொண்டு போக முடியும்? குவியல் அசையவே இல்ல. அந்தப் பக்கம் சர்ர்ர்னு இன்னொரு தையல் உருவுற சத்தம். வாசல்ல தலப்பா கட்டிக்கிட்டு நின்ன கைமாத்துக்காரங்களப் பாத்தா. கும்புட்ட கை கும்புட்டபடி நிக்காங்க. அவ கூப்புடல, திட்டல. நேரா போயி, கையில இருந்த மெழுகுக் கட்டிய மொதல் ஆளுகிட்ட நீட்டுனா. இந்தான்னா.

பிடின்னு அவன் வாயில தானா வந்துருச்சு. பழக்கதோசம். கும்புட்ட கை பிரிஞ்சு கட்டிய வாங்கிருச்சு. வாங்குனா அடுத்தவன்கிட்ட குடுக்கணுமே, இந்தான்னு திரும்புனான். பிடின்னு அவன் வாங்குனான். தலப்பா ஒண்ணொண்ணா அவுந்து விழுந்துச்சு. முதுகு ஒண்ணொண்ணாக் கூனி, வரிசை அப்படியே சந்துக்குள்ள நகந்துச்சு. இந்தா, பிடி, இந்தா, பிடி, இந்தா, பிடி. சந்து நெறைய சளக் சளக்னு சத்தம். சுவரு குடிக்குது பாரு மெழுக, ஒட்டகம் தண்ணி குடிச்ச மாதிரி. குவியல் எறங்குது, எறங்குது, மடமடன்னு எறங்குது.

அப்போ பேச்சிய எல்லாத் தையலும் உருவி, பீப்பா வாசலுக்குக் கொண்டு வந்துட்டாங்க. மூடி கிறீச்ச்ச்னு தொறக்குது.

அதே நேரம் பெரியதனம் சங்கரலிங்கம், சம்பந்திக்காரங்க சுவரு பக்கம் வந்துட்டாங்கன்னு சேதி கேட்டு, மெழுகுக் குவியலுக்கு மாலை போடலாம்னு மாலையோட அடுக்களைக்கு வாராரு. உத்தரத்தப் பாக்காரு. கீழ பாக்காரு. இன்னும் கீழ பாக்காரு. தரை பளிச்சுன்னு இருக்கு. மாலைய எங்க போடறதுன்னு தெரியல, மாசானம் கழுத்துல போட்டுட்டாரு.

"குவியல் எங்க மாசானம்?"

"எறங்கிருச்சுங்கய்யா."

"அப்போ ஒடனே காய்ச்சச் சொல்லும்."

"காய்ச்சுறவளத்தான் பீப்பாவுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கு."

"யாரு கூட்டிட்டுப் போகச் சொன்னது?"

மாசானம் கழுத்து மாலையச் சரி பண்ணிக்கிட்டாரு. மரியாதை தெரிஞ்ச மனுசன். சங்கரலிங்கம் ஓடுனாரு பாரு, எட்டிக் கால் வச்சு நடந்தே பழக்கமில்லாத மனுசன், வேட்டியத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, நிறுத்துங்கடா நிறுத்துங்கடான்னு. எதுக்கு ஓடுனாரு, பேச்சி உசுருக்கா? குவியலுக்குத்தான். ஆனா கால் ஓடுனது ஓடுனதுதானே. பீப்பாவுக்குள்ள பேச்சியோட ஒரு காலு போயிருந்துச்சு. வெளிய இழுத்துட்டாங்க. மாலையும் கழுத்துமா மூச்சு வாங்கிக்கிட்டே பின்னால வந்த மாசானம், பொட்ட ஒவ்வொண்ணாத் தொடைச்சாரு. தொடைக்கத் துணி இல்லன்னு பெரியதனத்தோட புதுத் துண்டையே வாங்கித் தொடைச்சாரு.

மூக்காயி அங்க வந்து சேந்தப்ப அவ கையெல்லாம் பிசுக்கு, முட்டியெல்லாம் செராய்ப்பு. அக்காவப் பாத்ததும் அழுகதான் வந்துச்சு. பேச்சிதான் மொதல்ல வாயத் தொறந்தா. அடுப்ப யாரு பாத்துக்கிட்டான்னு கேட்டா. யாரும் பாக்கலன்னதும், சவத்த மூதி, அடிப்பிடிச்சிருக்கும், நடன்னு தங்கச்சி தோளப் பிடிச்சுக்கிட்டு நொண்டி நொண்டி நடந்தா. போற வழியில அந்தத் தோள விடவே இல்ல.

போறதுக்கு முன்னால மூக்காயி திரும்பி நின்னு ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"மாசானண்ணே, இனிமே சுவரத் தொட்டுப் பாத்துட்டு அப்புறமா உத்தரத்தப் பாருங்க."

மாசானம் சரின்னு தலைய ஆட்டுனாரு. ஆனா சுவரு எம்புட்டுத் தூரம், அவருக்கு முட்டிவலி. நாளைக்குப் போயித் தொட்டுப் பாப்போம்னு கிண்ணத்த மூடி வைப்பாரு. அந்த நாளைக்கு இன்னும் வரலையாம்.

ம்...

சம்பந்திக்காரங்களா? வந்தாங்க. வந்தவங்க உள்ளயே வரல. நாற்காலியப் பாக்கல, தோரணத்தப் பாக்கல, குவியலப் பத்திக் கேக்கவே இல்ல. வெளிய நின்னபடியே சுவர ஒரு வெரலால அமுக்குனாங்க. உள்ள போச்சு, மெல்ல எழும்பி வந்துச்சு. இன்னொரு தடவ அமுக்குனாங்க. எங்களுக்குச் சம்மதம்னுட்டாங்க. பெரியதனம் ரொம்ப நேரம் பேசறதுக்குப் பாடம் பண்ணி வச்சிருந்தாரு பாவம், பேச எடமே கெடைக்கல.

அப்புறம் ரெண்டு ஊருச் சுவரும் ஒட்டுச்சு. ஒட்டுன எடத்துல வாசல் தொறந்துச்சு. பொளக். ரெண்டு ஊரும் ஒரே ஊராப் போச்சு. சம்பந்தி ஊர்லயும் மெழுகு காய்ச்சுற ஒருத்தி இருந்தா. அவளும் பேச்சியும் ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க, அடுப்ப ஒண்ணா நகத்திப் போட்டுக்கிட்டாங்க, ஒருத்தி கிளற ஒருத்தி வடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அந்த ஊரு வண்டிக்காரங்க மூக்காயி பின்னால வரிசையா வந்தாங்க. கைமாத்துக்காரங்க நகந்து எடம் விட்டாங்க. எல்லாம் கண் மூடித் தொறக்குறதுக்குள்ள.

பெரியதனம்தான் ரெண்டு பேரு ஆயிட்டாங்க. பெரியதனத்துக்குன்னு போட்ட நாற்காலி ஒண்ணுதான். நீங்க உக்காருங்கன்னு இவரு, இல்ல இல்ல நீங்க உக்காருங்கன்னு அவரு, சொல்லிக்கிட்டே ரெண்டு பேரும் ஆளுக்கொரு கைப்பிடியப் பிடிச்சு இழுக்காங்க. இந்த நிமிசம் வரைக்கும் இழுத்துக்கிட்டேதான் இருக்காங்க. ஊரு அது பாட்டுக்கு நடக்குது, மாவு அது பாட்டுக்குப் பொங்குது.

அவங்க சண்டை தீருற வரைக்கும் நாம முழிச்சிருக்க முடியுமா? போர்வைய இழுத்து விடு. கதையும் ஆச்சு, கண்ணும் சொக்குது. தூங்கு தங்கம்.